பொருள் எண் ஒன்பது

பொருள் எண் ஒன்று: சென்ற கூட்டத்தின் குறிப்புகளை உறுதி செய்தல். உறுதி செய்யப்பட்டது. முத்துப்பேச்சி இதை எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கியபோது மணி பதினொன்று அடித்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. இன்னும் எட்டு இருக்கிறது என்று நினைத்தாள். இல்லை, ஏழுதான், எட்டாவது முடிந்த கையோடு அது வந்துவிடும் என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டாள். வளாக நிர்வாகக் குழு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கூடும். துணைவேந்தர் தலைமை, நீள மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். அந்த மேசையில் அவளுக்கு இடம் கிடையாது. ஜன்னலோரமாக ஏசிக்குக் கீழே ஒரு குட்டி மேசையும் முதுகு சாயாத ஒரு நாற்காலியும் அவளுக்கு. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்து யார் என்ன பேசினார்கள், என்ன முடிவாயிற்று என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். கலந்துகொண்டோர் என்று குறிப்பின் தலையில் பெயர்களை அவள்தான் வரிசையாக அடிப்பாள், அதில் அவள் பெயர் வராது. வரவும் கூடாது. கலந்துகொள்வது வேறு, எழுதுவது வேறு. பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் என்பது பதவியின் பெயர். ஆனால் புரொபசரிலிருந்து பியூன் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மினிட்ஸ் மேடம். முத்துப்பேச்சி என்று யாராவது அவளை நேரில் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். மே பதினாலாம் தேதியோடு நின்றது. இன்றைக்கு ஆகஸ்ட் பன்னிரண்டு. அதுவும் முழுப் பேரைச் சொல்லி இல்லை, பேச்சி என்றுதான்.

பொருள் எண் இரண்டு தெருநாய்கள். நேற்று மத்தியானம் நிகழ்ச்சி நிரலை அடித்தபோது, ஒன்பதை எடுத்துப் பதினாலுக்குப் பிறகு போட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் கை நின்றது. பதினாலுக்கு மேலே போன எதையும் இந்தக் குழு அன்றைக்கே பேசி முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒரு மணிக்குச் சாப்பாடு வந்துவிடும், துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்ப்பார், ‘அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்’ என்பார், அப்படியே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆனால் குறிப்பு வந்த வரிசைப்படிதான் பொருள் எண் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம், அவளே ஏற்படுத்திய வழக்கம், புதிதாக வரும் உதவியாளர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. ஒன்பது ஒன்பதாகவே நின்றுவிட்டது. ‘தனி நபராக வசிக்கும் பணியாளர்களிடமிருந்து இரு படுக்கையறைக் குடியிருப்புகளைத் திரும்பப் பெற்று, காத்திருப்போர் பட்டியலிலுள்ள குடும்பத்தினருக்கு ஒதுக்குதல்.’ ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாள். அடித்து முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். இப்போது மேசையில், நாய்களுக்குக் கருத்தடை செய்வதா, நகராட்சிக்கு எழுதுவதா என்று பேச்சு சூடாகிக்கொண்டிருந்தது. நாய்க்குச் சோறு வைக்கிற மாணவர்களைக் கண்டிக்க வேண்டும் என்றார் ஒருவர். விலங்கியல் துறைத் தலைவர் நாயின் இயல்பைப் பற்றி விரிவாக ஆரம்பித்தார். பேசட்டும், நன்றாகப் பேசட்டும், நாயைப் பற்றியே ஒரு மணி வரைக்கும் பேசட்டும் என்று முத்துப்பேச்சிக்கு இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு கூட்டம் இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. இதே ஜன்னல் வழியாகப் பார்த்தால் சி வரிசை வீடுகளின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். அவள் குடியிருக்கும் பதினாலாம் நம்பர் வீட்டின் தொட்டி எது என்று அவளால் சொல்ல முடியும். பார்க்கவில்லை.

ரூல்ல இடம் இல்லையே. நாய்க்கும் நகராட்சிக்கும் நடுவே எங்கிருந்தோ அது வந்து நின்றது. காலையில் பல் தேய்க்கும்போதும் வந்தது. யாரோ சொன்னதுபோல வருகிறது, சொன்னது அவள்தான். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் சமைத்து முடித்துவிடலாம் என்று, அவளோடு அதே வீட்டில் இருந்த கனகமணி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக நூலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் புத்தகம் அடுக்கியவள், அந்த மாதக் கடைசியோடு ரிட்டயர்டு. காயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “நான் இங்கயே இருந்துட்டா என்ன செய்வாங்க?” முத்துப்பேச்சி அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது தலையணை உறை, அதுகூட நினைவிருக்கிறது. குடியிருப்பு விதி அவளுக்கு மனப்பாடம். பணியாளருடன் அவர்தம் குடும்பத்தினர் அல்லது சக பணியாளர் மட்டுமே வசிக்கலாம். ரிட்டயர்டு ஆனால் சக பணியாளர் இல்லை. குடும்பமும் இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற பழக்கத்தில் சொன்னாள். “ரூல்ல இடம் இல்லையே கனகம்.” கனகமணி கையிலிருந்த காயை நறுக்கி முடித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றாள். மிச்சமிருந்த நாலைந்து வெண்டைக்காயையும் நறுக்கினாள். அன்றைக்குக் காய் நன்றாகத்தான் வந்திருந்தது, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அப்புறம் ஒரு வாரத்தில் சங்கரன்கோவிலிலிருந்து அவள் அண்ணன் போன் செய்தார், மதினி போனபிறகு வீடு கிடக்கிற கிடையைச் சொல்லி, நீ வந்துவிடு என்று கூப்பிட்டார். கனகமணி சரி என்றாள். அண்ணன் கூப்பிட்டுத்தான் போனாள் என்று முத்துப்பேச்சி எல்லோரிடமும் சொன்னாள். தன்னிடமும் அப்படித்தான் சொல்லிவந்தாள், ஜூன் வரைக்கும்.

“மேடம், பொருள் நாலு.” பதிவாளர் ஆறுமுகநயினார் அவள் பக்கம் திரும்பினார். புவியமைப்பியல் பேராசிரியர், பொறுப்புப் பதிவாளராக வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இன்னும் கோப்புகளைப் பாறையைப் பார்ப்பதுபோல நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிறவர். மூன்றாவது எப்போது முடிந்தது? அவள் குனிந்து பார்த்தாள். முடிவு எழுதியிருந்தது, அவள் கையெழுத்துத்தான். கதவைத் திறந்துகொண்டு ஒரு மாணவி வந்து நின்றாள். மாணவர் பேரவைச் செயலாளர் ஆயிஷா பர்வின், வேதியியல் இரண்டாம் ஆண்டு. செப்டம்பரில் உணவுத் திருவிழா நடத்த அனுமதி கேட்டிருந்தார்கள். மாணவர் நலத் தலைவர் நிபந்தனைகளை வாசித்தார். ஆறு மணிக்கு முடிக்க வேண்டும், வெளியாட்கள் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, நெருப்பு கூடாது. “சார்,” என்றாள் அந்தப் பெண், “நெருப்பு இல்லாம எப்படி சார் பணியாரம் சுடறது?” யாரோ சிரித்தார்கள். “சாலட், ஜூஸ் அந்த மாதிரி வச்சுக்கலாமேம்மா,” என்றார் துணைவேந்தர் அன்பாக. “இருபத்திரண்டு ஸ்டால் சார். இருபத்திரண்டு ஸ்டாலும் சாலட்டா?” அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முத்துப்பேச்சி நோட்டின் கடைசித் தாளில் கால் பங்கு கிழித்து, ‘2011, ஆறாவது கூட்டம், பொருள் 3. விளையாட்டு மைதானத்தில் மணல் வாளி, தீயணைப்பானுடன் அடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிப் பியூன் கையில் கொடுத்தாள். அது மேசையைச் சுற்றிக்கொண்டு பதிவாளரிடம் போயிற்று. அவள் இந்த அறையில் பேசுகிற விதம் அதுதான், கால் பங்குத் தாள். பதிவாளர் வாசித்தார், தொண்டையைச் செருமினார், “முன்மாதிரி இருக்கு சார்” என்று தானே கண்டுபிடித்ததைப்போலச் சொன்னார். அனுமதி வழங்கப்பட்டது. அந்தப் பெண் எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கும்பிட்டாள், மேசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை. ஜன்னலோரம் அவள் பார்வை வரவில்லை. வரத் தேவையுமில்லை.

பணியாரம் என்றால் கனகமணிக்கு இனிப்புப் பணியாரம்தான், காரப் பணியாரத்தைப் பணியாரம் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டாள், அது குழியில் ஊற்றின தோசை என்பாள். முதலில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள் முத்துப்பேச்சி. நாலு வயது மூத்தவள். ஆறு வருஷம் பெண்கள் விடுதியின் ஊழியர் பகுதியில் பக்கத்துப் பக்கத்து அறை, பொதுவான ஒரு அடுப்பு. இரண்டாயிரத்து நாலில் முத்துப்பேச்சியின் முறை வந்து சி-14 ஒதுக்கினார்கள். தனியாக இருக்கப் பயமாயிருக்கும், நீங்களும் வாங்களேன் என்றாள். பயம் ஒன்றுமில்லை, வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உடன் வசிப்பவர் பற்றிய படிவத்தை இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பினார்கள். பெயர், வயது, துறை. அடுத்தது, உறவு. பேனா அங்கே நின்றது. கனகமணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “துணைன்னு போடேன்” என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. முத்துப்பேச்சி சிரித்துவிட்டு, ‘சக ஊழியர்’ என்று எழுதினாள். அக்காவை எப்போது விட்டாள், எந்த வருஷம் கனகம் ஆனது, அதற்கெல்லாம் குறிப்பு இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். இருபத்தொரு வருஷத்தில் அந்த இடத்தில் அதே வார்த்தையை ஏழு தடவை எழுதியிருக்கிறாள். டைபாய்டு வந்து கனகமணி பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் கேட்ட கேள்விக்கும் அதையேதான் சொன்னாள். “கூட வேலை பாக்கிறவங்களா? வீட்டாளுங்க யாரும் வரலியா?” என்று நர்ஸ் கேட்டாள். வருவாங்க என்றாள் முத்துப்பேச்சி. பதினெட்டு நாளும் வேறு யாரும் வரவில்லை.

பொருள் ஐந்து, ஆறு. உணவக ஒப்பந்தம், நூலக நேர நீட்டிப்பு. நூலகர் தேவசகாயம் பேசினார். நிதானமான மனிதர், நகரத்துக்குள்ளே சொந்த வீடு, சைக்கிளில் வருவார். நூலகத்தில் நடந்த கனகமணியின் பிரிவு உபசாரத்தில் அவர்தான் சால்வை போர்த்தினார், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முத்துப்பேச்சி கை தட்டினாள். அதைத் தவிர அங்கே அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. மே பதினாலு காலையில், ஏழு மணி பஸ்ஸுக்கு ஆட்டோ வந்து நின்றபோது கனகமணி கடைக்குப் போகிறவள்போல, “பேச்சி, வாரேன்” என்றாள். இரண்டு பெட்டி. கட்டிலையும் பீரோவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். புருஷன் செத்தால் லீவு உண்டு, அக்கா தங்கை செத்தால்கூட இரண்டு நாள் சொல்லிக்கொள்ளலாம், கூட இருந்தவள் உயிரோடு பஸ் ஏறிப் போனால் அதற்கு என்ன லீவு? அன்றைக்கு ஒன்பதரைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள், உடன் வசித்தவர் காலி செய்துவிட்டார் என்று எஸ்டேட் அலுவலகத்துக்குத் தானே கடிதம் எழுதினாள். பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு ஒன்பதில் அவள் பெயர் வந்திருக்காது. முதலில் தினமும் போன் பேசினார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். கடைசியாகக் கூப்பிட்டபோது அண்ணன் எடுத்தார். “கோயிலுக்குப் போயிருக்கா” என்றார். கனகமணியா? வெள்ளிக்கிழமைகூடக் கோயில் வாசலை மிதிக்காத கனகமணியா? வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். போன் வரவில்லை. இருபத்துமூன்று நாள். அந்த வீட்டில் அவள் வேறு யாரோவாக ஆகிக்கொண்டிருக்கிறாள், மஞ்சள் தேய்த்துக் குளித்து ஈரத்தலையோடு பிரகாரம் சுற்றுகிற ஒருத்தி, அவளிடம் நான் என்ன என்று சொல்லிப் பேச ஆரம்பிப்பது என்று நினைக்கும்போது முத்துப்பேச்சிக்குக் குளிர்ந்தது. ஏசிதான். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள்.

ஏழும் எட்டும் அநியாயத்துக்குச் சீக்கிரம் முடிந்தன. வாகன நிறுத்தம், அங்கீகரிக்கப்பட்டது. சோலார் விளக்கு, அங்கீகரிக்கப்பட்டது. யாருமே எதிர்த்துப் பேசவில்லை, நாய்க்கு இருந்த அக்கறை விளக்குக்கு இல்லை. மணி பன்னிரண்டு பத்து. எஸ்டேட் ஆபீசர் சுடலைமுத்து எழுந்தார். பொதுப்பணித் துறையிலிருந்து ஜூனில் மாற்றலாகி வந்தவர், வீடுகளை எண்ணால் அறிந்தவர். முப்பத்தெட்டு குடும்பங்கள் காத்திருக்கின்றன, குழந்தை குட்டியோடு நகரத்துக்குள் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே ஒத்தை ஆளுக்கு இரண்டு படுக்கையறை என்றால் நியாயமா என்று கேட்டார். நியாயமில்லைதான் என்று முத்துப்பேச்சி எழுதிக்கொண்டே நினைத்தாள். அந்த முப்பத்தெட்டில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். ஒருத்தி இரட்டைக் குழந்தைக்காரி, மாதாமாதம் வந்து நம்பர் நகர்ந்திருக்கிறதா மேடம் என்று கேட்பாள். “எத்தனை பேரு அப்படி இருக்காங்க?” என்றார் துணைவேந்தர். “நாலு பேர் சார். லிஸ்ட்டு மேடம்ட்ட இருக்கு.” பதிவாளர் திரும்பி, “வாசிங்க மேடம்” என்றார். வாசிப்பது பேசுவதில் சேராது. அவள் எழுந்து நின்றாள். திரு. வேதமாணிக்கம், உதவியாளர், சி-3. மனைவி இறந்துவிட்டார் என்றார் சுடலைமுத்து. டாக்டர் சியாமளா ரங்கநாதன், பேராசிரியர், சி-8. “அவங்க சீனியர் புரொபசர், அதை விட்டுருங்க” என்றார் துணைவேந்தர். திரு. மாசானம், ஓட்டுநர், சி-11. அடுத்த வரியைப் பார்த்தாள். நேற்று அடித்தபோது வெறும் எழுத்தாக இருந்தது. இப்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். “செல்வி பொ. முத்துப்பேச்சி, கண்காணிப்பாளர், சி-14.” குரல் மாறாமல்தான் வந்தது.

“செல்வியா?” என்றார் துணைவேந்தர். “சின்னப் பொண்ணா இருக்கும். தனியா அவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போவுது? லேடீஸ் ஹாஸ்டல்ல ஸ்டாஃப் ரூம் ஒண்ணு குடுத்தாப் போதும்.” ஐம்பத்தாறு வயதுச் சின்னப் பெண் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதிவாளர் தலையாட்டினார், அவருக்கு அவள் மேடம், அந்தப் பெயரை எங்கே கேட்டிருக்கப்போகிறார்? நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நூலகர் தேவசகாயம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, அது வந்து” என்று ஆரம்பித்தார். முத்துப்பேச்சி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவர் தண்ணீர்க் கிளாஸை எடுத்துக்கொண்டார். நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை. கால் பங்குத் தாளில் எழுதினால்கூடப் போதும், பத்து வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஐயையோ நீங்களாம்மா என்பார்கள், விதிவிலக்கு தரலாம் என்பார்கள். அப்புறம் கேட்பார்கள், கூட யாரும் வந்து இருக்கப்போறாங்களா? இருந்தாங்களா? யாரு? அதற்கு அவள் என்ன சொல்வாள்? ஏழு தடவை எழுதியதைத்தானே எட்டாவது தடவையும் சொல்ல வேண்டும்? “சொன்னா காலி பண்ணிருவாங்களா, இல்ல கோர்ட்டு கேசுன்னு அலைய விட்டுருவாங்களா?” என்று துணைவேந்தர் பொதுவாகக் கேட்டார். பதிலுக்காகப் பதிவாளர் அவளைப் பார்த்தார். ஆபீஸ் ஆட்களின் குணம் ஆபீஸ் ஆட்களுக்குத்தானே தெரியும்? “பண்ணிருவாங்க சார்” என்றாள் முத்துப்பேச்சி. உட்கார்ந்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, “பிரச்சினை பண்ண மாட்டாங்க” என்றாள். வரிசை எண் மூன்று நீங்கலாக என்று எழுதிவிட்டு, இல்லை, நீங்கியது இரண்டு என்று அடித்துத் திருத்தினாள். முப்பது நாட்களுக்குள் காலி செய்ய உத்தரவிட முடிவு செய்யப்பட்டது.

பதின்மூன்றோடு கூட்டம் முடிந்தது, பதினாலு அடுத்த மாதத்துக்குப் போயிற்று. சாப்பாட்டுப் பொட்டலங்கள் பக்கத்து அறைக்கு வந்துவிட்டன. எல்லோரும் எழுந்து போனபிறகு தேவசகாயம் அவள் மேசைப் பக்கம் வந்தார். “நீங்க சொல்லியிருக்கலாமேம்மா.” “என்னன்னு சொல்ல சார்?” என்றாள். அவள் திட்டுவதற்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள், அவருக்கு அது தெரிந்தது. “எனக்கும் தெரியலைம்மா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நேர்மை அவளை ஏதோ செய்தது. தாழ்வாரத்துக்கு வந்தாள். வெயில் கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஏசியில் விறைத்த கைக்கு அது இதமாயிருந்தது. முப்பது நாள் என்றால் செப்டம்பர் பாதி. வேதமாணிக்கம் எங்கே போவார், மாசானம் எங்கே போவார்? மாசானம் சொல்லிக்கொண்டிருந்தார், நகரத்துக்குள்ளே சின்னதாக ஒரு வீடு ஒத்திக்குப் பார்த்திருக்கிறேன் மேடம், குவார்ட்டர்ஸ் என்றால் ஆயிரம் சட்டம், வெளியே என்றால் நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்று. போன மாதம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு சரி சரி என்று கோப்பைப் புரட்டியது நினைவிருக்கிறது. வெளியே என்றால் நம்மை யார் கேட்கப்போகிறார்கள். முத்துப்பேச்சி தூணைப் பிடித்துக்கொண்டாள். ஏப்ரலில் ரூலில் இடம் இல்லை என்றாள், சரி, இல்லைதான். ரூல் இந்தக் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும்தானே? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே இருக்கிறதே. கனகமணி கேட்டது ரூலையா? வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு அவள் காத்திருந்தது எந்த பதிலுக்கு? சரி விடு, வெளியே ஒரு வீடு எடுப்போம் என்று ஒரு வரி. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் மற்ற எல்லாருக்கும் முன்மாதிரியைத் தேடி எடுத்துக் கொடுத்தவளுக்கு அந்த ஒரு வரி தோன்றவில்லை. நாலு மாதமாகத் தோன்றவில்லை.

போனை எடுத்து யோசிப்பதற்குள் அழுத்தினாள். யோசித்தால் அண்ணன் எடுப்பார் என்று பயம் வந்துவிடும். இரண்டாவது மணியிலேயே, “ஏளா, பேச்சி” என்று குரல் கேட்டது. மூச்சு வாங்கியது அந்தக் குரலுக்கு, எங்கிருந்தோ நடந்து வந்து எடுத்திருக்கிறாள். “என்ன, ஆபீஸ் நேரத்துல கூப்பிட்டிருக்க? மேலுக்கு முடியலியா?” “நல்லாத்தான் இருக்கேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.” “யாரு சொன்னது?” “கூட்டத்துல முடிவு பண்ணினாங்க. நான்தான் எழுதினேன்.” கனகமணி சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆனதுபோலிருந்தது. “ஒன்னத் தவிர வேற யாருக்கு அப்படி எழுத வரும்? எங்க போவப்போற?” “ஹாஸ்டல்ல ரூம் தாராங்களாம்.” “இந்த வயசுலயா? மூதி.” முத்துப்பேச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். “கனகம், நான் வெளிய ஒரு வீடு பாக்கட்டா? ரெண்டு பேருக்கு.” சொல்லிவிட்டாள். தூரத்தில், அந்த வீட்டின் உள்ளேயிருந்து அண்ணன் குரல் மாத்திரை எங்கே என்று கேட்டது. “இந்தா வாரேன்” என்று கனகமணி உரக்கச் சொன்னாள், போனை மூடிக்கொண்டு சொன்னது பாதிதான் கேட்டது. அப்புறம் கிட்டத்தில் வந்து, “இத ஏப்ரல்லயே கேட்டிருக்கலாம்லா” என்றாள். “கேட்டிருக்கலாம்.” “அண்ணனுக்குச் சுகரு ஏறிக் கெடக்கு. காலுல புண்ணு. மகன் துபாயிலேர்ந்து தீவாளிக்கு வாரான், அவன்கிட்டதான் பேசணும். ஒண்ணும் இப்பச் சொல்ல முடியாது.” “சரி.” “கோவிச்சுக்கிடாத.” “இல்ல.” “சப்புத்தண்ணி வார வீடுன்னா வேண்டாம், கேட்டியா. இங்க வந்து இந்த உப்புத்தண்ணியில குளிச்சுத் தலமுடியெல்லாம் கொட்டிப்போச்சு.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட வேண்டும்போல இருந்தது முத்துப்பேச்சிக்கு. கூப்பிடவில்லை. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேலே இருக்கிறது. காலி செய்ய முப்பது நாள்தான். நடுவிலே வரும் நாட்களில் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கான வீட்டில், ஒரு டம்ளர், ஒரு தட்டு, வருவாளா மாட்டாளா என்று தெரியாமல்.

சாப்பாட்டு அறையில் உறுப்பினர்கள் வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நாயைப் பற்றி மீண்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி அந்த அறைக்குள் எப்போதும் போவதில்லை. அவள் பொட்டலம் ஆபீஸுக்கு வந்துவிடும். இன்றைக்குப் போனாள். துணைவேந்தர் நிமிர்ந்து, குறிப்பில் ஏதோ சந்தேகம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, பதிவாளரைக் கைகாட்டினார். அவள் அவர்களைத் தாண்டி நூலகர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “சார், ஒங்க தெருப்பக்கம் வாடகைக்கு வீடு ஏதும் இருக்குமா?” சாம்பார் சாதத்தில் கை வைத்தபடி தேவசகாயம் அண்ணாந்து பார்த்தார். பேச்சு நின்று மற்றவர்களும் பார்த்தார்கள். “விசாரிக்கிறேம்மா. யாருக்கு?” என்றார். “எனக்கும் கனகமணிக்கும்.” அவர் இடது கையால் பையிலிருந்து பேனாவை எடுத்து, பொட்டலம் சுற்றிவந்த காகிதத்தின் ஓரத்தை நேராக்கிக்கொண்டார். “மாடியா, கீழ் வீடா?” என்று கேட்டார். “கீழ் வீடு சார்,” என்றாள் முத்துப்பேச்சி. “நல்ல தண்ணி வரணும்.”